பதினாறு கழியாத பெயர்

உலகத்தில் இல்லாத ஒரு பெயருக்கு ஆறுமுகசாமி வைத்திருந்த விலை ஒரு கிளாஸ் டீ. வடகரப்பதியிலிருந்து ஏலமலைச் சந்தைகளுக்கு ஏறிவந்து, பகடை உருட்டும் ஆட்டத்தாள் விற்கிற ஆள். தாளில் ஒரு சுரங்கம்; கட்டத்துக்குக் கட்டம் கல்லும் மிருகமும். நிலாத்துரு, கொதிகல், மும்மூக்கன் எல்லாம் தோட்டத்து ஆட்கள் டீயைக் குடித்துவிட்டுக் கட்டிக்கொடுத்தவை. கடைசிக் கட்டத்து மிருகத்தின் பெயர் மட்டும் தோட்டத்துக் கூலியாள் அழகுமலை விற்றது.

எழுபத்து நாலாம் வருஷம், உடும்பஞ்சோலைச் சந்தை. மத்தியானம் அழகுமலையின் அண்ணி சுருளியம்மாள் வந்து நின்றாள். அவள் புருஷனைக் காட்டில் ஏதோ அடித்துப்போட்டுப் பதினான்கு நாள். ஆளைக் கொன்ற மிருகத்துக்கு அவர்கள் லயத்துக் கூலிவீடுகளில் புதுப்பெயர் வைப்பார்கள். பதினாறாம் நாள் கழியும்வரை வெளியே சொல்லமாட்டார்கள். சொன்னால் அந்த மிருகத்தைக் கூப்பிட்டதாக அர்த்தம். அழகுமலை டீக்கு விற்றது அந்தப் பெயரைத்தான்.

"என் தம்பி அஞ்சு மணிக்குச் சாந்தன்பாறைக் காட்டுல காவலுக்கு நிக்கணும். அதுக்குள்ள அந்தப் பேரை எல்லாத் தாள்லயும் மை பூசி அடிச்சிருங்க."

"ஏனுங்க அம்மணி, அச்சடிச்ச சரக்குங்க. ஆடி ஜெயிங்க, அடிச்சுப்போடறேன்."

கூட்டம் கூடியது. ஒரு விதியை ஆறுமுகசாமி வாய்க்குள்ளேயே வைத்திருந்தான். அவள் காய் கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் எடுத்து விட்டான்: மிருகத்தின் பெயரை உரக்கச் சொன்ன பிறகுதான் உருட்ட வேண்டும்.

அவள் கைக்குள் பகடை அப்படியே நின்றது. தகரமும் தடியுமாகத் தம்பி சுருளிவேல் சந்தையைக் கடந்து மேடேறிப் போனான். அவன் முதுகு மறையும்வரை பார்த்துவிட்டுப் பகடையைத் தாளில் வைத்தாள்.

"தோத்ததாவே இருக்கட்டும். என் வாயால வராது."

"இதென்ன பெரிய விஷயம், நான் வாசிக்கிறேன்," என்று ஒரு சுமைக்காரன் குனிந்து தாளில் விரலை வைத்தான். முதல் எழுத்து வெளியே வருவதற்குள் ஆறுமுகசாமியின் கை அவன் வாயைப் பொத்தியிருந்தது. சாமியே நிறுத்துக் கொடுத்தாலும் நம்பாமல் எடைக்கல்லைத் திருப்பிப் பார்க்கிற ஆள் அவன்; தன் கை ஏன் பாய்ந்தது என்று அவனுக்கே விளங்கவில்லை. சுமைக்காரன் திமிறினான், கை இளகவில்லை.

பிறகு ஆறுமுகசாமி அந்தப் பெயரை அடிக்க மைப்புட்டியைத் திறந்து உட்கார்ந்தான். சுருளியம்மாள் ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுத்தாள். ஐந்து மணிக்குக் கட்டு தீர்ந்தது.

அச்சானது இருநூறு. மை பூசியது நூற்றுத் தொண்ணூற்றொன்பது. காலையில் சாந்தன்பாறைக்காரர் ஒருவர் பஸ்ஸில் வாங்கிக்கொண்டு போனது ஒன்று, அது பாக்கி.