ஏரி மேல் நடந்த கூட்டம்

எங்கள் ஊர்ப் பள்ளியை நடத்தும் குழுவில் ஐந்து பேர். அதில் மூன்று பேர் எங்கே உட்கார்ந்து பள்ளி விஷயம் பேசினாலும் அது கூட்டம்தான். முன்கூட்டியே அறிவிப்பு ஒட்ட வேண்டும், கதவைத் திறந்து வைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். சட்டம் அப்படி. ஆனால் அமெரிக்காவின் மினசோட்டாக் குளிரில், உறைந்த ஏரி மேல் மரக் குடிசையை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்களுக்குச் சட்டமாவது ஒன்றாவது!

லவோன் ஹியட்டலா குழுவுக்குப் புதிதாகத் தேர்வானவள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தங்கை புருஷன் ரஸ்ஸுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவன் குடிசைக்குப் போனாள். உள்ளே ரஸ்ஸோடு குழுத் தலைவர் டுவைட்டும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். ரஸ்ஸும் குழுவில் இருப்பவன். ஆக, மூன்று பேர் சேர்ந்தாயிற்று.

"அந்த டெஸ்ஸா டீச்சர் அடுத்த வருஷம் வேண்டாம். அடுத்த கூட்டத்துல மூணு பேரும் கையைத் தூக்கினா முடிஞ்சுது," என்றார் டுவைட்.

டெஸ்ஸா செய்த குற்றம் இதுதான். மூன்றாம் வகுப்பு ஜூனிக்கு வலிப்பு வரும். பஸ்ஸில் வலிப்பைச் சமாளிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் அவளோடு வருவார் என்று பள்ளியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது. செப்டம்பரிலிருந்து ஒருவரும் வரவில்லை. "மாநில அதிகாரிங்களுக்குப் புகார் எழுதுங்க, அது உங்க உரிமை," என்று ஜூனியின் அம்மா காரினிடம் டெஸ்ஸா சொல்லிவிட்டாள்.

"நம்மகிட்டயே வேலை பார்த்துக்கிட்டு நம்ம மேலயே புகாரா?" என்று பொருமினான் ரஸ்.

"அந்த நோஞ்சான் ஒருத்திக்காக ஊரே ஆடணுமாக்கும்," என்றார் டுவைட். "என்ன லவோன்?"

லவோனுக்கு மனசுக்குள் சுருக்கென்றது, ஆனாலும் பேசவில்லை. அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் புது உறுப்பினர்களுக்கான பயிற்சிக்குப் போனாள். அங்கே பாடம் நடத்திய பெண், "காபிக் கடையில மூணு பேர் பேசி முடிவெடுத்தாலும் சட்ட மீறல்தான்," என்று சொன்னதும் லவோனுக்கு ஏரிக் குடிசை ஞாபகம் வந்தது. ஊர் திரும்பியதும் ரஸ்ஸிடம் சொன்னாள்.

அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. "இத வெளிய சொன்னே, அப்புறம் என் வீட்டு வாசப்படி மிதிக்காதே."

தங்கை வீட்டை விட்டால் லவோனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

மார்ச் கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. டெஸ்ஸா கடைசி வரிசையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் காரின். டெஸ்ஸா அடுத்த வருஷம் வேலையில் நீடிக்க வேண்டாம் என்ற தீர்மானத்தை டுவைட் மளமளவென்று படித்தார்.

"ஆதரிக்கறவங்க கையைத் தூக்கலாம்."

லவோன் எழுந்தே நின்றுவிட்டாள். "ஓட்டு எடுக்காதீங்க டுவைட். இத நாம போன மாசமே ஏரி மேல முடிவு பண்ணிட்டோம். நீங்க, ரஸ், நான்."

ஓரமாக உட்கார்ந்திருந்த பள்ளியின் வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

"மீன் பிடிக்கப் போனோம்யா! அது ஒரு கூட்டமா?" என்று கத்தினான் ரஸ்.

"எத்தனை மீன்னு நான் கேக்கலயே. எத்தனை பேர்?"

"மூணு," என்று முணுமுணுத்தான் ரஸ்.

"அப்போ தீர்மானத்த வாபஸ் வாங்குங்க," என்றார் வக்கீல். "இல்லன்னா அங்க பேசினது அத்தனையையும் இங்க, எல்லார் முன்னாலயும் முதல்லேருந்து பேசுங்க."

"பேசுங்க டுவைட்," என்றாள் லவோன். "அன்னிக்குக் காரணம் சொன்னீங்களே, அதை இங்க சொல்லுங்க."

டுவைட் நிமிர்ந்தார். எதிரே காரின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தார். முகம் காது மடல் வரைக்கும் சிவந்துபோனது.

"முடியல," என்றார். "அவங்க முகத்தப் பார்த்து என்னால அதச் சொல்ல முடியல. வாபஸ்."

டெஸ்ஸா நீடிக்கலாம் என்று லவோன் புதுத் தீர்மானம் கொண்டுவந்தாள். நான்கு கைகள் உயர்ந்தன, டுவைட்டின் கையும் சேர்த்து. ரஸ் மட்டும் மேசையைப் பார்த்தபடி இருந்தான். டெஸ்ஸா முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள்.

காரின் எழுந்தாள். "எல்லாம் சரி. நாளைக்குக் காலைல பஸ்ல என் பொண்ணு கூட யார் வரா?"

"நான் ஏறிக்கறேன், எனக்குப் பயிற்சி இருக்கு," என்றாள் டெஸ்ஸா.

"வேண்டாம் டீச்சர், அது எங்க பொறுப்பு," என்ற டுவைட், குறிப்பு எழுதுகிற பெண்ணிடம் திரும்பினார். "எழுதிக்கோம்மா. ஆள் போடற வரைக்கும், நாளையிலேருந்து பள்ளி நர்ஸ் போறாங்க."

ரஸ் லவோனைப் பார்க்காமலே வெளியேறினான். அன்று தங்கையும் போன் பண்ணவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லவோன் கோட்டு மாட்டிக்கொண்டு சாலையோரம் போய் நின்றாள். மஞ்சள் நிறப் பள்ளி பஸ் வந்தது. டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் ஜூனி எதையோ கைகாட்டிப் பேசிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் நர்ஸ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாடா என்று லவோன் அழுதே விட்டாள்.