மருந்தடிக்கும் ஆறு பேர்

விடிந்தும் விடியாத நேரத்திலேயே மருந்தைக் கலக்கிவிட வேண்டும். வெயில் ஏறிக் காற்றுக் கிளம்பிவிட்டால் அடித்த மருந்து பயிருக்குப் போகாது, அடித்தவர் முகத்துக்கே திரும்பி வரும். பதினாறு லிட்டர் தொட்டியை முதுகில் ஏற்றியபோது, வார் நேற்றைய புண்ணின் மேலேயே போய் உட்கார்ந்தது. நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு வரிசைக்குள் இறங்கினாள். உயரத்துக்காக வைத்த பெயர் அது. இப்போது வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அது ஒரு விதைக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பண்ணை. புதிய பூச்சிமருந்து ஒன்று அங்கே மூன்று போகமாகச் சோதனையில் இருந்தது. பயிர் எவ்வளவு வளர்ந்தது, இலையில் எத்தனை புள்ளி விழுந்தது, எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு. மருந்தடித்த ஆறு பேருக்கு என்ன ஆனது என்று எழுத மட்டும் நோட்டு இல்லை. அந்த ஆறில் ஒருத்தியாக இருந்த நெட்டையின் நாத்தனார், ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் வீட்டில் கிடக்கிறாள். கை நடுங்குகிறவளுக்கு இங்கே வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார் மேலாளர். மறுநாளே அவள் தொட்டியை வேறொருத்தி சுமந்தாள்.

அன்று பத்து மணிக்கு ஆலோசனைக் குழு வருகிறது. உணவையும் உழவையும் கரைத்துக் குடித்த ஐந்து நிபுணர்கள். அவர்கள் தலையாட்டினால் மருந்து ஊரெல்லாம் போகும்.

ஒன்பதரைக்கு மேலாளர் ஆறு அட்டைப்பெட்டிகளோடு வந்தார். உள்ளே பளபளவென்று அங்கி, பூட்ஸ், இரண்டு பக்கமும் டப்பா வைத்த மாஸ்க்.

"தினமும் இதைத்தான் போடுறோம்னு சொல்லணும். அவங்க போனதும் கழட்டிடணும். அழுக்காக்கிடாதீங்க."

"மருந்து பட்டா அழுக்காகுமே சார்," என்றான் கூட அடிக்கும் சுருட்டை.

"அப்போ தண்ணிய அடி."

அங்கி நெட்டைக்கு முழங்காலோடு நின்றுவிட்டது. மாஸ்க்கை மாட்டியதும் மூச்சு முட்டியது. புதுசென்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டாள். நிபுணர்கள் வரப்பில் வந்து நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வர, தொட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

குழுவில் இருந்த நரைத்த தலைப் பெண்மணி சேற்றைப் பார்க்காமல் இறங்கி வந்தார். மாஸ்க்கின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். காற்றுத் துளைகளை மூடி ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. மற்றவர்களைப் பார்த்தார். ஆறு மாஸ்க்கிலும் இருந்தது.

"இதைக் கிழிக்காம தினமும் எப்படிம்மா மூச்சு விடுறீங்க?"

"புது செட்டு மேடம், இன்னிக்குத்தான் மாத்தினோம்," என்று முந்திக்கொண்டார் மேலாளர்.

நெட்டை மாஸ்க்கைக் கழற்றினாள். வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் சம்பாதிக்கிறவள் இப்போது அவள் ஒருத்திதான். ஆனாலும் வாயைத் திறந்தாள்.

"பழசுன்னு ஒண்ணு இருந்தாத்தானே மாத்தறதுக்கு. மூணு போகமா பழந்துணியைத்தான் மூக்குல கட்டிக்கிட்டு அடிக்கிறோம். என் நாத்தனாருக்குக் கை நடுங்குது. அதையும் எழுதிக்குங்க மேடம்."

"நாங்க ஆலோசனைதாம்மா சொல்ல முடியும். முடிவு எங்க கையில இல்ல." சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். நெட்டை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

கார்கள் கிளம்பியதும் மேலாளர் குரல் மாறியது. "எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு ஆறு பேரும் நடையைக் கட்டுங்க."

சுருட்டை அங்கியோடு போய் மருந்துக் கிடங்கு வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். நெட்டை பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்ற நால்வரும் வந்தார்கள். உச்சி வெயிலில் அங்கிக்குள் வியர்வை கொட்டியது.

"இது தினமும் வேணும் சார்," என்றாள் நெட்டை. "நாத்தனாருக்கு வைத்தியம் பாக்கணும், வேலையும் திருப்பிக் குடுக்கணும். அதுவரைக்கும் கழட்ட மாட்டோம்."

பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்கள். "அந்த மருந்து மேலதான் நாங்களும் நாள் பூரா குனிஞ்சு கிடக்கோம்," என்றபடி ஒருத்தி உட்கார்ந்தாள். வாசலில் வழி இல்லாமல் போயிற்று.

"உங்கள விட்டா ஊர்ல ஆளா இல்ல?" என்றார் மேலாளர். "நாளைக்கே வெளியிலேருந்து கூட்டிட்டு வரேன்."

"கூட்டிட்டு வாங்க சார்," என்றாள் நெட்டை. "அவங்களுக்கும் சேத்துத்தான் உக்காந்திருக்கோம்."