மேசைமேல் வைத்த முத்து

பிளாரன்ஸம்மாள் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியால் ஒரு தடவை, டெட்டால் விட்ட தண்ணீரால் ஒரு தடவை, பிறகு சாய்மானத்தின் இடுக்குக்குள் துணியை விட்டு ஒரு தடவை. சற்று முன்பு அதில் உட்கார்ந்திருந்தவர் சூசை, மருமகள் ஸ்டெபியின் அப்பா. பேத்தியைப் பார்க்க வந்த மனிதர் தெரியாத்தனமாகச் சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்துவிட்டார். அவர் இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

"மாமி, எங்கப்பா குளிச்சி, வெளுத்த வேட்டி கட்டித்தான் வந்தாவ" என்றாள் ஸ்டெபி. குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நான் இப்ப என்னளா சொல்லிட்டேன்? கவிச்சி. தேக்குல ஏறிட்டுன்னா லேசுல போவாது. கடலுக்குப் போறவங்கள நான் குத்தஞ் சொல்லல. அது அவங்க பாடு."

கவிச்சியாம்! அன்று காலையில்தான் அதே வீட்டு அடுப்படியில் இரண்டு கிலோ சீலா மீன் வந்து இறங்கியது. பிளாரன்ஸம்மாள் தன் கையால் அரிந்து கழுவினாள். அந்தக் கையோடுதான் இதே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து காப்பி குடித்தாள். அப்போது தேக்கில் ஒன்றும் ஏறவில்லை. மீன் நாறாதாம், மீனோடு புழங்குகிறவன் நாறுவானாம். என்ன மூக்கோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

தூத்துக்குடிக் கடற்கரையில் மேசைக்காரர் என்று ஒரு வகை உண்டு. எல்லாரும் ஒரே சாதி, ஒரே வேதம், கும்பிடுவது ஒரே மாதாவை. ஆனாலும் தோணி வைத்திருந்தவனும் முத்து வியாபாரம் செய்தவனும் மேசை போட்டுச் சாப்பிட்டான். அவனுக்காகக் கடலுக்குள் குதித்தவன் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டான். தோணி போயிற்று, முத்தும் போயிற்று. மேசை மட்டும் போகமாட்டேன் என்கிறது. கஸ்பார் வீடு என்கிற பிளாரன்ஸம்மாள் வீட்டின் நடுக்கூடத்தில் அது இன்னும் கிடக்கிறது, பர்மாத் தேக்கில், காலுக்குக் கால் சிங்கமுகம் வைத்து. சூசை திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர். அவருடைய அப்பாவும் அதே தொழில், அதற்கு முந்தினவர்கள் முத்து குளித்தவர்கள்.

ஸ்டெபியும் வளனும் காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். வளனுக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. அம்மாவை எதிர்த்துக் கோயிலில் வைத்துத் தாலி கட்டினான், அதோடு அவனிடமிருந்த வீரமெல்லாம் தீர்ந்துபோயிற்று. கல்யாண விருந்தன்றே மாமனாருக்குக் கொல்லைப் பந்தலில் இலை போட்டார்கள். மகள் முகம் வாடியதைப் பார்த்த சூசை, "அங்கன நல்லா காத்தோட்டமா இருந்துச்சுளா" என்றார். அந்த வார்த்தை ஸ்டெபியின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

வருகிற ஞாயிறு குழந்தைக்கு ஞானஸ்நானம். இந்தத் தடவை அப்பாவை மேசையில் உட்கார வைத்துவிட வேண்டும். அந்த வீட்டில் அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

"கொல்லையில தகரப் பந்தல் போட்டு ஃபேன் வச்சித் தாரேன்" என்றாள் பிளாரன்ஸம்மாள். "வேற என்னத்தச் செய்யச் சொல்லுத? வாரவங்க எல்லாம் பெரிய குடும்பத்து ஆளுவ."

"ஒரு நாள் கூத்து. விடேன் ஸ்டெபி" என்றான் வளன், போனைப் பார்த்துக்கொண்டே.

பெரிய குடும்பம் என்பதற்கு அந்த வீட்டில் அத்தாட்சி இருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் முத்து வியாபாரம் செய்த கஸ்பார் பர்னாந்து, கொழும்பிலிருந்த தம்பிக்கு எழுதிய கடிதங்கள். தம்பி ஊர் திரும்பியபோது கட்டோடு கொண்டுவந்தவை. மிச்சமெல்லாம் கருங்காலிப் பெட்டியில் இருக்க, ஒன்றை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, கீழே சின்ன மின்சார விளக்கும் எரியவிட்டிருந்தார்கள். அரக்கு முத்திரையின் அச்சு உதிராமல் இருந்ததாலும் கையெழுத்து அழகாக இருந்ததாலும் அந்தக் கடிதத்துக்கு அந்த மரியாதை. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். ஒருத்தர்கூடப் படித்ததில்லை. புள்ளியும் கிடையாது, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளியும் கிடையாது. அந்தக் காலத்து எழுத்தை யார் உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருப்பார்கள்?

ஸ்டெபிக்குப் படிக்கத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், எம்.ஏ.வில் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பாடமாகவே எடுத்தவள். அதனால் பிளாரன்ஸம்மாளுக்கு ஒரு யோசனை வந்தது. கடிதங்களையெல்லாம் மருமகள் எழுதிக்கொடுத்தால் சின்னப் புத்தகமாக அடித்து ஞானஸ்நான விருந்தில் எல்லார் கையிலும் கொடுக்கலாம். சம்பந்தி மேசையில் உட்காரக் கூடாது, சம்பந்தி மகள் படித்த படிப்பு மட்டும் மேசைக்கு வரலாம்.

ஸ்டெபி எழுதினாள். உண்மையைச் சொன்னால், எழுத எழுத அவளுக்கு கஸ்பாரைப் பிடித்துப்போயிற்று. மகள் இசபெல்லாளுக்குக் கக்குவான் வந்தபோது மனிதர் ஒரு வாரம் தோணிப் பக்கம் போகவில்லை. மனைவிக்குப் பல்வலி என்று கொழும்பிலிருந்து மருந்து கேட்டு எழுதியிருந்தார். தேர்த் திருநாளுக்குச் சீமைக் கண்ணாடி விளக்கு வாங்கிய கதையை இரண்டு பக்கத்துக்கு நீட்டியிருந்தார். பெற்ற பிள்ளைக்காக இப்படி உருகுகிறாரே என்று நினைத்தவள், மத்தியானம் குழந்தை தூங்கும்போது கடைசியாகக் கூடத்துச் சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அது புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு.

'யேசு மரியே சூசை துணை. அன்புள்ள தம்பி சவரிமுத்துவுக்கு அண்ணன் கஸ்பார் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். இப்பவும் இந்த வருஷத்து முத்துக்குளிப்புச் சலாபத்தில் நமக்கு நல்ல ஆதாயம். குளியாள் ஒருத்தன் முத்தொன்றை விழுங்கிவிட்டானென்று பிடித்தோம். இல்லையென்று மாதாமேல் சத்தியம் பண்ணினான். பண்டகசாலையில் கட்டிப்போட்டு, நேர்வாளம் அரைத்துப் பேதிக்குக் கொடுத்தோம். அகப்படவில்லை. மறுபடியும் கொடுத்தோம். அவன் பெண்சாதியை வரவழைத்து, அவன் கழித்ததையெல்லாம் அவள் கையாலேயே சல்லடையில் அலசச் சொன்னோம். சாயந்திரம் அகப்பட்டது. நல்ல ஆணிமுத்து. குளியாள் அன்றைக்கே தவறிப்போனான். முத்தைப் பாலில் கழுவி, சாப்பாட்டு மேசைமேல் வைத்து, யாவரும் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். இசபெல்லாள் ஞானஸ்நானச் சங்கிலிக்கு அதைப் பதக்கமாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன். கொழும்பிலிருந்து நல்ல சீமைச் சாராயம் இரண்டு புட்டி அனுப்பவும்.'

ஸ்டெபி எழுந்து ஓடி வாஷ்பேசினில் குனிந்தாள். அந்த முத்து இன்னும் பீரோவில் இருக்கிறது. கஸ்பார் வீட்டில் ஞானஸ்நானம் நடந்தால் அந்தச் சங்கிலியைப் பிள்ளை கழுத்தில் போடுவார்கள். விருந்தில் வெள்ளித் தட்டில் வைத்து மேசையைச் சுற்றி அனுப்புவார்கள். உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராக முத்தை உதட்டில் ஒற்றி முத்தி, பிள்ளையை ஆசீர்வதிப்பார்கள். அன்று தொட்டு இன்றுவரை ஒரு பிள்ளைக்கும் அது தப்பியதில்லை.

மாமியையும் வளனையும் அடுப்படிக்குள் நிறுத்தி அவள் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். பெண்சாதி அலசிய இடம் வந்ததும் அவள் குரல் உடைந்தது.

"களவாண்டான், அனுபவிச்சான்" என்றாள் பிளாரன்ஸம்மாள். "மெள்ளப் படி. வெளிய வேலைக்காரி நிக்கா."

"பேதிக்குக் குடுத்தே கொன்னிருக்காங்க மாமி!"

"அந்தக் காலத்துல அப்படித்தான் ஸ்டெபி" என்றான் வளன். "நாமளா செஞ்சோம்?"

பிளாரன்ஸம்மாள் சட்டத்தைக் கொண்டுபோய்ப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சுவரில் அது இருந்த இடத்தில் ஒரு நகைக்கடைக் காலண்டரை மாட்டினாள். மறுநாள் காலை, என்றுமில்லாமல் தானே காப்பி போட்டு மருமகளிடம் நீட்டினாள்.

"ஒங்கப்பா மேசையிலயே உக்காரட்டும். நானே கூப்பிட்டு உக்கார வைக்கேன், போதுமா? ஆனா புத்தகமும் வேண்டாம், அந்தக் காயிதத்தப் பத்தி ஒருத்தர்ட்டயும் மூச்சு விடப்படாது."

"அந்த முத்து வேண்டாம் மாமி. எம்பிள்ள மேல அது படக்கூடாது."

"சரி, பிள்ளைக்கு வேர்க்குருன்னு சொல்லிக்கிடுதேன். ஆனா தட்டுல வச்சே ஆகணும். முத்து இல்லாம இந்த வீட்டுல விருந்தா? நாலு பேரு நாலு விதமாக் கேப்பாவ. ஒங்கப்பாகிட்ட தட்டு வராது, அது எங்க ஆளுவளுக்குள்ளதான்."

சொல்லவே கூசுகிறது. ஸ்டெபி சரி என்றாள். செத்தவன் செத்துப்போனான், உயிரோடு இருக்கிற அப்பாவாவது ஒரு நாள் மரியாதையாக உட்காரட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அவர் வரவே மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சூசை புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மடிப்புக்கூடக் கலையாத சட்டை. "வாங்க சம்பந்தி, இங்கன இருங்க" என்று பிளாரன்ஸம்மாள் மேசையின் கோடியில், அடுப்படிக் கதவோரம் ஒரு நாற்காலியைக் காட்டினாள். சூசை ஒரு தடவை மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டியதும், எங்கே உடைந்துவிடுமோ என்பதுபோல ஓரமாக உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர் கரண்டியை எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்துப் பார்த்து அப்படியே பிடித்தார்.

பிரியாணியும் கட்லெட்டும் முடிந்ததும் வெள்ளித் தட்டு வந்தது. பிளாரன்ஸம்மாள் முதலில் கண்ணை மூடிக்கொண்டு முத்தினாள். பட்டுச் சேலைக்காரிகள் முத்தினார்கள், கோட்டுப் போட்டவர்கள் முத்தினார்கள். "கஸ்பார் தாத்தா ஆசீர்வாதம் பிள்ளைக்குக் கெடைக்கட்டும்" என்று சத்தமாகச் சொன்னார்கள். இந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு நிற்கவும் ஸ்டெபிக்கு அருவருப்பாக இருந்தது. தட்டு கோடிக்கு வந்தது. பிளாரன்ஸம்மாள் கண்ணைக் காட்டினாள். கொண்டுவந்தவள் சூசையைத் தாண்டிப் போனாள்.

"ஏ பிளாரன்ஸு! சம்பந்திய விட்டுட்டியே" என்றார் வளனின் தொம்மை மாமா. அந்தக் கூட்டத்திலேயே நல்ல மனிதர், கொஞ்சம் தண்ணி போட்டுக்கொண்டும் இருந்தார். "பேத்திக்குத் தாத்தா அவருதானே? அவருக்குங் குடுளா."

"ஆமா, ஆமா" என்றார்கள் நாலைந்து பேர்.

அந்த வீட்டில் சூசைக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அவர் எழுந்து, கையை வேட்டியில் துடைத்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். சிலுவை போட்டுக்கொண்டு குனிந்தார். பிளாரன்ஸம்மாள் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டெபி பின்னால் வந்து அவர் தோளைப் பிடித்தாள். "அப்பா, வேண்டாம்" என்றாள் மெதுவாக.

வருஷக்கணக்காக ஆழத்தில் முங்கி முங்கி அந்த மனிதருக்குக் காது பழுது. "என்னளா? சத்தமாச் சொல்லு" என்றார்.

ஸ்டெபி சத்தமாகவே சொன்னாள்.

"அத முத்தாதீங்கப்பா. முத்து குளிச்ச ஒரு ஆளு விழுங்கிட்டாருன்னு கட்டிப்போட்டு, பேதிக்குக் குடுத்து, அவரு பொண்டாட்டி கையாலயே பீயில அலச விட்டு எடுத்த முத்துப்பா அது. அதுலயே அந்த மனுசன் செத்துப்போனாரு. கஸ்பார் தாத்தா கைப்பட எழுதியிருக்காவ. இந்த மேசையில வச்சித்தான் பாத்து சந்தோசப்பட்டாவளாம்."

பட்டுச் சேலைக்காரி ஒருத்தி முந்தானையால் வாயைத் துடைத்தாள். கர்ச்சீப்புகள் வெளியே வந்தன. தொம்மை மாமா நாற்காலி விழ எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடினார்.

"கழுவுனாவளா இல்லையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கழுவாமலா வைப்பாவ? பாலுல கழுவுனது!" என்று கத்தினாள் பிளாரன்ஸம்மாள்.

"வெறும் பாலு போதுமா? சோப்புப் போடாண்டாமா?"

"சீச்சீ! நான் ரெண்டு தடவ முத்துனேனே!"

தூ! இவர்களும் மனிதர்கள். ஒருத்தன் செத்தான் என்பது ஒரு காதிலும் ஏறவில்லை. புருஷன் கழித்ததில் பெண்சாதியைக் கையை விடச் சொன்னது யாருக்கும் உறைக்கவில்லை. பீ என்ற ஒரு சொல்தான் உறைத்தது. வாஷ்பேசின் முன்னால் வரிசை நின்றது. வரிசையில் வளனும் நின்றான்.

சூசை தட்டை மேசைமேல் வைத்தார்.

"அவன் பேரு என்ன தாயி?"

"எழுதலப்பா. குளியாள்னு மட்டும் போட்டிருக்கு."

"பொண்டாட்டி பேரு?"

"அதுவும் இல்ல."

கொழும்புக்குப் போன கப்பல்களின் பேரெல்லாம் அந்தக் கடிதங்களில் இருந்தது. வீட்டில் கறந்த பசுவுக்குக்கூடப் பேர் இருந்தது.

சூசை முழங்காலிடவில்லை. அந்த மேசையருகே நின்றபடியே கைகளைக் குவித்து, செத்தவர்களுக்குச் சொல்கிற செபத்தை ஆரம்பித்தார். காது மந்தமானவர் ஆகையால் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். அந்த ஊரில் யார் அந்தச் செபத்தை ஆரம்பித்தாலும் சுற்றியிருக்கிறவர்கள் பதில் வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்கள், அது சின்னப்பிள்ளையிலிருந்து நாக்கில் ஊறின பழக்கம். ஸ்டெபி மட்டும் சொன்னாள். மற்ற எல்லாரும் வாய் கொப்புளித்துக்கொண்டிருந்தார்கள்.