கரியப்பனைத் தூங்கவைக்கும் கதை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஜாதிக்காயோடு இலவசமாக வந்தது.

சில வாரங்களாக எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஓசூரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் போய் ஜாதிக்காய் கேட்டேன். கடைக்காரர் அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே, "தேன்கனிக்கோட்டப் பக்கம் எங்க ஊர்ல கரியப்பன்னு ஒருத்தரு இருந்தாராம் சார். ஐம்பத்தஞ்சு, ஐம்பத்தாறாம் வருசம் இருக்கும். அவுருக்கும் இதே கதிதான். ஆனா அவுரு தூங்கிடக் கூடாதுன்னு ஊரே சாமி கும்புட்டுச்சாம்" என்றார்.

ஏன் என்று கேட்பதற்குள் ஓமம் வாங்க ஓர் அம்மாள் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் பெருங்காயத்துக்கு ஒருவர். கூச்சப்பட்டுக்கொண்டு மீதியைக் கேட்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆகவே மீதி முழுக்க என் கைச்சரக்கு. பிடிக்காவிட்டால் என்னைத் திட்டுங்கள், கடைக்காரரை விட்டுவிடுங்கள்.

(ஜாதிக்காயை இழைத்துப் பாலில் கலந்து இப்போதுதான் குடித்தேன். அது வேலையைக் காட்டுவதற்குள் கதையை முடித்தாக வேண்டும்.)

2

தொடக்கம்.

"நள்ளிரவு. காட்டுக்குள் எங்கோ ஓர் ஆந்தை"

வேண்டாம். தூக்கம் வராதவன் கதை என்றால் ஆந்தையைக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்று சட்டமா என்ன?

"கரியப்பனின் தூக்கத்தைப் பறித்தது அந்தப் பழைய துயரம்தான். இளம் வயதில் அவன்"

இதுவும் வேண்டாம். அவனுக்கு ஒரு துயரம் தைத்துப் போட்டுப் பார்த்தேன், தோளில் நிற்கவே இல்லை. ஆள் சிரித்த முகக்காரன். தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். சிலருக்கு வராது.

மூன்றாம் தடவையாக, பட்டப்பகலில் தொடங்குகிறேன்.

தை மாதத்து வெயிலில், புளியமரத்தடியில் நின்று நாராயணம்மா அண்ணாந்து கத்திக்கொண்டிருந்தாள்.

"இந்தா! கண்ணத் தொற! கெளயப் புடி!"

மேலே அவள் புருஷன் கரியப்பன். மரம் ஏறிப் புளி உலுக்குவதுதான் அவன் பிழைப்பு. உச்சிக் கிளையில் உட்கார்ந்தபடியே கண் சொக்கிப்போயிருந்தான்.

"தூங்கலடி. கண்ண மூடிக்கினு பழம் முத்திச்சான்னு சத்தம் பாத்தன்" என்றான்.

போன வாரமும் இப்படித்தான் சத்தம் பார்த்தான். பார்த்தவன் வழுக்கிக் கீழ்க்கிளையில் வந்து தொங்கினான். அடுத்த தடவை கீழ்க்கிளை அந்த இடத்தில் இருக்குமா என்பது நாராயணம்மாவுக்குத் தெரியாது. இரவில் இவன் தூங்கினால்தான் பகலில் உயிரோடு இறங்குவான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

3

இப்போது ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காட்டை ஒட்டிய சின்ன ஊர். கன்னடத்தில் மாடு ஓட்டும், தெலுங்கில் சண்டை போடும், தமிழில் சமாதானம் பேசும். குறட்டை மட்டும் எல்லோருக்கும் ஒரே மொழி. கேழ்வரகு முற்றும் காலத்தில் காட்டிலிருந்து யானைகள் இறங்கும். அதனால் ஆண்கள் முறைபோட்டுக்கொண்டு பரணில் காவல் இருப்பார்கள். இருந்தார்கள் என்று திருத்திக்கொள்கிறேன். கரியப்பன் எப்படியும் விழித்துத்தானே இருக்கிறான் என்று தெரிந்ததும், ஒவ்வொருவராகப் பரணை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்கள்.

காட்டோரம் மூங்கில் முறியும் சத்தம் கேட்டால் கரியப்பன் தகர டின்னை எடுத்துத் தட்டுவான். ஊர் எழுந்து பந்தம் கொளுத்திக்கொண்டு ஓடும். யானையை விரட்டிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தூங்கும்.

கரியப்பனுக்கு ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

4

நாராயணம்மா வைத்தியத்தில் இறங்கினாள்.

உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தாள். அன்று யானை வந்தது. டின்னை எடுக்க எழுந்த கரியப்பன் வாசல்வரை வழுக்கிக்கொண்டே போனான். கசகசா அரைத்துக் கொடுத்தாள். நல்ல பசி எடுத்தது. எருமைத் தயிர் சாப்பிட்டால் கண் தானாகச் சொருகும் என்று யாரோ சொல்ல, செம்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். காலையில் பால் கறந்த எருமைகள் எல்லாம் சாயங்காலத்துக்குள் வற்றிப்போயிருந்தன. மருதாணிப் பூவைத் தலையணைக்குள் வைக்கலாம் என்று வேலியோரம் ஒரு புதரைப் பார்த்து வைத்தாள். மறுநாள் விடிவதற்குள் அதில் ஒரு பூ இல்லை.

(நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். அவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.)

அப்போதுதான் காட்டோரத்து நிலக்காரன் சென்னகிருஷ்ணன் ஒரு பொட்டலத்தோடு வந்தான். உள்ளே கருத்த பொடி.

"கொடகுப் பக்கத்து வேரு, நாராயணம்மா. வெல்லம் போட்டுக் காய்ச்சி ராவுக்கு ஒரு சொம்பு குடு. கொழந்தையாட்டம் தூங்குவான்."

"நல்லா இருப்பண்ணா" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கரியப்பன் ஒரு மடக்குக் குடித்தான், கண்ணை அகல விரித்தான், "இன்னொரு சொம்பு போடு" என்றான். அன்றிரவு அவன் டின் தட்டியதோடு நிற்கவில்லை. தெருவைக் கூட்டினான், கூரையில் ஓலை மாற்றினான், தனக்குத் தெரியாத பாட்டுகளையெல்லாம் பாடினான்.

[இங்கே ஒரு வாசகர் கை தூக்குகிறார்: "அந்தக் காலத்தில் காபி தெரியாதவர்களா?" ஐயா, காபி என்று ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். கேழ்வரகுக் கூழ் குடிக்கும் வீட்டில் அதன் பொடி எப்படி இருக்கும், எப்படி மணக்கும் என்று யார் காட்டினார்கள்? உட்காருங்கள்.]

5

தேன்கனிக்கோட்டைச் சந்தையில் ஓட்டல் ஒன்றைக் கடந்தபோது நாராயணம்மாவின் மூக்கு நின்றது. பிறகுதான் கால் நின்றது. தன் வீட்டு அடுப்பு மணம்!

உள்ளே எட்டிப் பார்த்து, "இங்க இத்தினி பேருக்குமா தூக்கம் வரல?" என்று கேட்டாள்.

"தூக்கம் வரக் கூடாதுன்னுதாம்மா காப்பி குடிக்கறாங்க" என்றான் ஓட்டல்காரன்.

சந்தைச் சாமானைக்கூட வாங்காமல் அவள் திரும்பி நடந்தாள். காட்டோரம் முற்றி நின்ற கேழ்வரகுக்கு நடுவில் சென்னகிருஷ்ணனைப் பிடித்தாள்.

சென்னகிருஷ்ணனை வில்லனாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பெரிய மீசைகூட வைத்திருந்தேன். அவன் வாயைத் திறந்ததும் மீசை உதிர்ந்துவிட்டது.

"பொய்தான் சொன்னன். ஆனை எறங்குனா மொதல்ல மிதிக்கறது என் கேவுரத்தான். உன் ஊட்டுக்காரன் தூங்கிட்டா வருசம் பூரா என் ஊட்ல அடுப்பு எரியாது. நான் இன்னா பண்ணட்டும்?"

"அவுரு மரத்துல இருந்து வுழுந்தா என் ஊட்ல?"

அவன் கேழ்வரகுக் கதிர் ஒன்றைத் தடவிக்கொண்டு நின்றான்.

"உன் கேவுரு, உன் கண்ணு. நீ முழிச்சிக்கோண்ணா" என்றாள் நாராயணம்மா. சொல்லும்போதே அழுதுவிட்டாள். நானும் பேனாவை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினேன். ஜாதிக்காய்ப் பால் குடித்தவன் உணர்ச்சிவசப்படக் கூடாது.

6

அன்று சாயங்காலம் சென்னகிருஷ்ணன் அவள் வீட்டுக்கு வந்தான். ஒரு கையில் எருமைத் தயிர், இன்னொரு கையில் துண்டில் முடிந்த மருதாணிப் பூ. வாடியிருந்தது, ஆனால் மணம் போகவில்லை. இனிப் பரணில் தானே காவல் இருப்பதாகச் சொல்லிவிட்டு, "அந்தப் பொடி மிச்சம் கீதா?" என்று மெல்லக் கேட்டான்.

"நேத்தே தீந்துச்சி" என்றான் கரியப்பன். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

களியும் தயிரும் சாப்பிட்டுவிட்டுக் கரியப்பன் மருதாணித் தலையணையில் தலை வைத்தான். "எனக்கெல்லாம் இது கேக்காதுடி, நான் வந்து" என்றான். அந்த வாக்கியத்தை நான் பாதியில் விடவில்லை, அவன்தான் விட்டான். குறட்டை வந்தது. நாராயணம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மிச்சப் பூவைத் தலையில் செருகிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தகர டின்னோடு வாசலில் உட்கார்ந்தாள்.

இனி முடிவு. சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

யானை வரவே இல்லை. (அப்படியானால் இத்தனை நேரம் யானை யானை என்று உங்களை எதற்காகப் பயமுறுத்தினேன்?)

யானை வந்தது, நாராயணம்மா டின்னைத் தட்டினாள். கரியப்பன் விழித்துக்கொண்டான், விடியும்வரை விழித்தேயிருந்தான். நாளைக்கு அவன் ஏற வேண்டியது ஊரிலேயே உயரமான மரம். அந்த நாளையை எழுத என் கை வரவில்லை.

யானை வந்தது, அவள் தட்டவில்லை. காலையில் சென்னகிருஷ்ணன் வெறும் நிலத்தில்

இதையும் எழுத முடியவில்லை. மீசை உதிர்ந்த பிறகு அவனைப் பார்த்துவிட்டேனே.

7

ஜாதிக்காய் வேலைசெய்கிறது. எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது.

பரணில் சென்னகிருஷ்ணனின் தலை ஆடிக்கொண்டிருந்தது, இப்போது ஆடவில்லை. மருதாணி மணத்தில் நாராயணம்மாவும் கதவில் சாய்ந்துவிட்டாள். டின் அவள் மடியிலிருந்து மெல்லச் சரிகிறது. ஊர் மூன்று மொழியையும் மறந்து குறட்டை விடுகிறது. நானும் இதோ

காட்டோரம் ஒரு மூங்கில் முறிந்தது.

கேட்டதா? கேட்டிருக்கும். இந்தக் கதையில் இப்போது விழித்திருப்பது நீங்கள் ஒருவர்தான். டின் உங்கள் காலடியில்தான் கிடக்கிறது. எடுத்துத் தட்டுங்கள், சீக்கிரம். யானைக்குக் கேட்க வேண்டும், கரியப்பனுக்குக் கேட்கக் கூடாது.