அழகுபாண்டி எடுத்த ஸ்டார் டீம்

ஸ்டார் டீமுக்கு ஆள் எடுக்கிற பொறுப்பை அழகுபாண்டி கையில குடுத்தாங்க பாருங்க, அங்கயே தோத்தாச்சு. இதை வேற யாரும் சொல்லலை. பின்னால அவனே தன்னைத் திட்டிக்கிட்டது.

உசிலம்பட்டி வட்டாரத்துல பேஸ்பால் ஆடுறது நாலஞ்சு டீம். அதுல நல்லா ஆடுறவங்களாப் பொறுக்கி மதுரை டவுன் ஸ்டார் டீமோட மோத விடுறதா ஏற்பாடு. மாநில அணிக்கு ஆள் பாக்குற கோச் சென்னையில இருந்து வாராருன்னு வேற தகவல். உரக்கடைக்கார அழகுபாண்டி ஒரு காலத்துல காலேஜ் டீமுக்குப் பந்து எறிஞ்சவன். அந்த ஒரே தகுதியில செலக்டர் ஆயிட்டான்.

மொதப் பேரா யாரை எழுதுறதுன்னு யோசிக்கவே இல்லை. பந்து எறியுற பிட்சர் இடத்துல தன் பேரைத்தான் எழுதினான். வயசு நாப்பது தாண்டியாச்சு, ஆளு வாரதுக்கு முந்தித் தொப்பை வருது. ஆனா பேனா நம்ம கையில இருக்கையில எவன் கேக்கப்போறான்? அடுத்து, கிரவுண்டை மட்டம் பண்ண டிராக்டர் குடுத்தவர் மகன். அப்புறம் பிரியாணிச் செலவை ஏத்துக்கிட்டவர் தம்பி. அதுபோக ஊருக்கு ஒருத்தன், இல்லைன்னா எங்க ஊரை மதிக்கலைன்னு சடவு வந்துரும். இப்படி அடைச்சு அடைச்சுக் கடைசியில கேட்சர் இடம் மட்டும் மிச்சம் கெடந்துச்சு. பேட் புடிக்கிறவனுக்குப் பின்னால குத்தவச்சுப் பந்தைப் புடிக்கிற வேலை அது.

அந்த எடத்துக்கு நல்லகாமனை விட்டா ஆளே கெடையாது. அழகுபாண்டி நடத்துற டீம்லயே ஆடுற பயதான். அவன் கையைத் தாண்டிப் பந்து போயி யாரும் பாத்ததில்லை. மாநில அணியில ஆடிட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலைக்குக் கேக்கலாம், அதுக்கும் இந்த வருசம் விட்டா வயசு தாண்டிரும். கோச் வாராருன்னு கேட்டதுல இருந்து பய சரியாத் தூங்கலை.

இந்த நேரம் பாத்துத்தான் பேயாண்டி கடைக்கு வந்து சேந்தாரு. அழகுபாண்டி பொண்டாட்டி சுபலட்சுமிக்குக் கூடப்பொறந்த அண்ணன்.

"மாப்ள, அந்தக் கம்பி போட்ட மொகமூடி இருக்குல்ல, அதை மாட்டி ஒருநா ஆடிப்புடணும். போட்டோ எடுத்து பிளெக்ஸ் வைக்கணும்."

"மச்சான், அதுக்குக் குத்தவச்சே இருக்கணும். ஒங்களுக்குத்தேன் முட்டிவலி இருக்கே."

"ஆவணியில ஒங்க மக அஸ்வினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியிலதான உக்காத்தணும்? அன்னைக்கு மட்டும் எனக்கு முட்டி வலிக்காதா?"

அழகுபாண்டி பேனாவை எடுத்தான். பேயாண்டி பேரை எழுதினான்.

நல்லகாமன்கிட்டச் சொல்லப் போனப்பத் தரையைப் பாத்துக்கிட்டே ஆரம்பிச்சான். "நல்லு, வெளியாள்னா கோவிச்சுக்குவான்டா. நீ நம்ம பயதானே."

"சரிண்ணே," ன்னான் அவன். நானா இருந்தா மூஞ்சியிலயே குத்தியிருப்பேன்னு அழகுபாண்டி நெனைச்சான். ஆட்டத்தன்னைக்கு நல்லகாமன் தண்ணிக் கேனைத் தூக்கிட்டு வந்து ஓரமா நின்னான்.

ஆட்டமா அது? அய்யய்யே! பேயாண்டி குத்தவச்சா எந்திரிக்க ஆள் வேணும். அவரு கையை ஊனி எந்திரிச்சுப் பந்தைப் பொறுக்கப் போறதுக்குள்ள டவுன்காரங்க நாலு மூலையில இருக்குற பேஸையும் சுத்தி வந்து ரன் எடுத்துட்டாங்க. அழகுபாண்டி எறிஞ்ச பந்துல பாதி பேட்டுல பட்டுக் கருவக்காட்டுக்குள்ள போய் விழுந்துச்சு. கோச் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே இருந்தாரு.

நடுவுல டவுன் கேட்சருக்கு விரல் பெசகிப்போச்சு. அவங்க செலக்டர் கைலாசநாதன், திருப்பரங்குன்றத்து வாத்தியார், அழகுபாண்டிகிட்ட வந்தாரு. "சார், எங்களுக்கு மாத்து ஆளில்லை. தண்ணி குடுக்குற தம்பி ஆடுவாரா?"

விருந்தாளி வாய்விட்டுக் கேக்குறாரு, ஆளும் நம்ம பய. "தாராளமாக் கூட்டிட்டுப் போங்க சார்!" பெரிய மனுசன் தோரணையில சொன்னான் அழகுபாண்டி.

அதுக்கப்புறம் நல்லகாமனைத் தாண்டி ஒரு பந்து போகலை. உசிலம்பட்டிக்கு ஒரு ரன்னும் வரலை. கடைசி இன்னிங்ஸ்ல அழகுபாண்டி மூணாவது பேஸ்ல நின்னான். தெறமையில வந்தது இல்லை. பந்து தொப்பையில பட்டதுக்கு மொத பேஸ் எனாமாக் கெடைச்சுச்சு, மத்தவங்க அடிச்ச அடியில மிச்சத்துக்கு ஓடி வந்தான். இன்னும் ஒரு ஓட்டம் ஓடி ஹோம் பிளேட்டை மிதிச்சாப் போதும், முட்டை வாங்குன அவமானமாச்சும் தப்பும். அடுத்து பேட் புடிச்சவன் பந்தைத் தூக்கி அடிச்சான். அழகுபாண்டி உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடினான்.

பிளேட்டுக்கு முன்னால பந்தோட நல்லகாமன் நின்னான். மிதிக்கிறதுக்குள்ள பந்தை மேல வச்சுட்டா அவுட். நம்ம பயதானே, விட்ருவான்னு அந்த நேரத்துலயும் ஒரு நப்பாசை. வெக்கங்கெட்ட மனசு!

பந்து தொப்பையில அழுந்துச்சு. "அவுட்டுண்ணே."

கோச் நேரா நல்லகாமன்கிட்ட வந்தாரு. "ஞாயித்துக்கெழமை கேம்ப்புக்கு வந்துரு தம்பி. மொகமூடி, கிளவுஸ் எல்லாம் கொண்டாந்துரு. டவுன்ல எந்த கிளப்?"

"டவுன் இல்ல சார். அழகுபாண்டி அண்ணன் டீம்."

கோச் திரும்பினாரு. "உங்க பையனா? அப்புறம் ஏன் சார் நீங்க எடுக்கலை?"

 நல்லகாமன்தான் சொன்னான். "அவங்களுக்கு ஆளில்லைன்னு அண்ணந்தேன் சார் அனுப்பிவிட்டாரு."

"பெரிய மனசு சார் உங்களுக்கு," ன்னு கோச் கையைப் புடிச்சுக் குலுக்கினாரு. அதுக்குப் பதிலா ரெண்டு அறை விட்டிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு அழகுபாண்டிக்கு.

அவரு போனதும் கேட்டான். "ஏண்டா அப்படிச் சொன்ன?"

"நம்ம அண்ணந்தானே," ன்னான் நல்லகாமன்.

அழகுபாண்டியால அவன் மூஞ்சியைப் பாக்க முடியலை. கண்ணு கலங்கிருச்சு.

அந்தப் பக்கம் பேயாண்டி இன்னும் மொகமூடியோட இடுப்புல கையை வச்சு நின்னாரு. டீமுக்கு இருக்குறதே அந்த ஒரு மொகமூடிதான். "மாப்ள, சைடு போஸ்ல ஒண்ணு எடு!"

"அதைக் கழட்டுங்க மச்சான்."

"என்ன மாப்ள? காதுகுத்து..."

"அதுக்கு வீட்டுக்கே வந்து கால்ல விழுந்து கூப்புடுறேன். இப்பக் கழட்டிக் குடுங்க. நல்லகாமன் கேம்ப்புக்குப் போறான்."