கைராசி ஊற்றிய ஆயில்

ஆயில் மாத்தறதுல என்னங்க இருக்கு என்று கேட்கிற ஆளைக்கூடக் கைராசி மன்னித்துவிடுவார். பாவம், தெரியாது, ஏதோ ஓட்டுகிறான், போகிறான். ஆயிலைப் பற்றி நாலு பக்கம் படித்துவிட்டு, பட்டறைக்குள் வந்து அவருக்கே பாடம் எடுக்கிற ஜென்மங்களைக் கண்டால்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஜென்மங்களுக்கெல்லாம் தலைவர் ஒருத்தர் உண்டு. வேறு யாருமில்லை, கைராசியின் சொந்தத் தங்கச்சி புருஷன்தான்.

கைராசி என்பது பட்டப்பெயர். வேகமாக ஓடுகிற கார்களை மட்டும் எடுத்துச் செய்கிற பட்டறை அவருடையது. ரெண்டு லிஃப்ட், ஒரு நீள மேஜை, சுவர் முழுக்க அளவுவாரியாகத் தொங்கும் ஸ்பேனர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கைபட்ட இன்ஜின் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று கார்க்காரர்கள் சொல்வார்கள். அவரும் ஒரு நாளும் அதை மறுத்ததில்லை. தங்கச்சிக்கோ அது வேதவாக்கு. "எங்கண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்." கல்யாணமாகி ஒன்பது வருஷமாக அவள் வீட்டில் எந்தப் பேச்சும் இங்கேதான் வந்து முடியும். ஃபிரிட்ஜை எந்த மூலையில் வைப்பது, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, எதற்கும் அண்ணன். கட்டின புருஷன் வாயைத் திறந்தால், "இருங்க, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்பாள். உள்ளதைச் சொன்னால், கைராசிக்கு உலகத்தில் இதைவிட ருசியான சங்கதி வேறு கிடையாது. எத்தனை கார்க்காரன் புகழ்ந்தாலும் இதற்கு உறை போடக் காணாது.

மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா" என்று கேட்கிற உத்தியோகம். அந்த மனுஷனுக்குப் போன வருஷம் என்ன கிறுக்குப் பிடித்ததோ, ரெண்டு கதவு வைத்த ஒரு நீல நிற டர்போ காரைப் பழசாக வாங்கிவிட்டார். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளப்காரர்கள் ரேஸ் டிராக்கை எடுத்து ஓட்டுவார்கள். அங்கே போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இவரும் சுற்றுவார். அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு நாள்தான் என்று தங்கச்சியே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். ஆனாலும் அவளுக்கு இது பிடிக்கவில்லை. "அண்ணன் பாத்துக்கறார்னுதான் விடறேன். என்னிக்காவது நடுவழியில நின்னுச்சு, அன்னிக்கே வித்துடணும்" என்று சத்தியம் வாங்கி வைத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலை நீலக் கார் பட்டறைக்குள் நுழைந்தது.

"வாங்க மாப்ளே" என்றார் கைராசி. தங்கச்சி புருஷனாச்சே, மரியாதை குறையக் கூடாது. வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு சொன்னதை இங்கே எழுத முடியாது.

மாப்பிள்ளை பின் சீட்டிலிருந்து கறுப்பும் தங்க நிறமுமாக ஒரு பெரிய கேனை ரெண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்தார். பிறந்த பிள்ளையைக்கூட அவர் இவ்வளவு பதவிசாகத் தூக்கிக் கைராசி பார்த்ததில்லை.

"மச்சான், இந்தத் தடவை ஆயிலை நானே வாங்கிட்டு வந்துட்டேன்."

"அடேங்கப்பா. என்ன ஆயிலு?"

"டென் டபிள்யூ சிக்ஸ்டி. டிராக்ல ஆயில் சூடு நூத்தி முப்பதைத் தாண்டுது மச்சான். அந்தச் சூட்டுல மெல்லிசு ஆயில் தண்ணியாயிடும். இது கெட்டி, தாங்கும்."

"காரைச் செஞ்சவன் புக்குல என்ன போட்டிருக்கான்?"

"ஃபைவ் டபிள்யூ தேர்ட்டி. ஆனா..."

"என்ன ஆனா? இன்ஜினைச் செஞ்சவனுக்குத் தெரியாதது, கண்ணாடி விக்கறவருக்குத் தெரிஞ்சு போச்சா? கெட்டி ஆயிலை ஊத்திக் காலையில குளிர்ல ஸ்டார்ட் பண்ணுங்க. அது மேல ஏறி வர்றதுக்குள்ள இரும்பும் இரும்பும் தேயும். ஆயில் வரலேன்னு டர்போ என்ன பண்ணும், உங்களை வாழ்த்திப் பாடுமா?"

மாப்பிள்ளைக்குக் காது மடல் சிவந்துவிட்டது. மறுத்துப் பேசவில்லை. அந்த மனுஷன் என்றைக்குமே மறுத்துப் பேசியதில்லை, அதுவே கைராசிக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

"நீங்க சொன்னா சரிதான் மச்சான். வேணா மொதல் அஞ்சு நிமிஷம் மெதுவா ஓட்டிச் சூடாக்கிக்கறேன். இந்த ஒரே ஒரு தடவை போட்டுப் பாக்கலாமே."

கைராசிக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்ததும் உள்ளுக்குள் அப்படி ஒரு குஷி.

"சரி மாப்ளே. உங்க காரு, உங்க ஆயிலு. நான் யாரு குறுக்க நிக்க? போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, முடிச்சு வைக்கிறேன்."

மாப்பிள்ளை தெருமுனை திரும்பியதும் கைராசி வேலையில் இறங்கினார். திட்டம் இதுதான். இன்ஜினுக்குள் போகப்போவது புத்தகத்தில் போட்டிருக்கிற மெல்லிசு ஆயில். கறுப்புத் தங்கக் கேன் மட்டும் காலியாகி மேஜைமேல் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த அறிவாளி வந்து, தன் ஆயில்தான் உள்ளே ஓடுகிறது என்று பூரித்துப் போக வேண்டும். இவருக்காவது, வித்தியாசம் தெரிவதாவது!

காரை லிஃப்டில் ஏற்றினார். அடி போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலைத் தட்டில் இறக்கினார். அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் கேனைத் தன்னுடைய பழைய கேன் ஒன்றில் கவிழ்த்து வைத்தார். சனியன், கெட்டி ஆயில், சீக்கிரம் இறங்குவேனா என்றது. ஒரு கண் அதன்மேல், ஒரு கண் வாசல்மேல். நடுவில் பழைய ஃபில்டரைத் திருகிக் கழற்றிக் குப்பை டப்பாவில் எறிந்தார். புது ஃபில்டரின் ரப்பர் ரிங்கில் ஆயிலைத் தடவி, எடுத்த இடத்தில் மாட்டித் திருகினார். காரை இறக்கித் தன் ஆயிலை ஊற்றினார். கேன் கடைசிச் சொட்டு வடிந்து காலியாவதற்கும் மாப்பிள்ளை வாசலில் தலையைக் காட்டுவதற்கும் சரியாக இருந்தது.

மாப்பிள்ளை காலிக் கேனைப் பார்த்தார். முகமெல்லாம் பல். உட்கார்ந்து காரை ஸ்டார்ட் செய்தார், கண்ணை மூடிக் காதைத் தீட்டினார்.

"சத்தமே மாறிடுச்சு மச்சான்! எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க!"

"ஆமா ஆமா. கெட்டி ஆயிலு இல்லையா?" கைராசி கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டார்.

கார் போனதும் பக்கத்து டயர்க் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஊருக்கெல்லாம் பவர் பாக்கறாரே, அவருக்கு எவன்யா பவர் பாக்கறது?" டயர்க்காரருக்குப் புரை ஏறிவிட்டது.

மறுநாள் பதினொரு மணிக்கு மாப்பிள்ளையிடமிருந்து போன்.

"மச்சான், காரு நின்னுடுச்சு. டிராக்ல முழு வேகத்துல போறப்ப ஆயில் லைட் எரிஞ்சுது. உடனே ஆஃப் பண்ணிட்டேன். அதுக்குள்ள உள்ள டகடகன்னு அடிக்க ஆரம்பிச்சிடுச்சு."

கைராசிக்குச் சந்தேகமே இல்லை. ஓட்டத் தெரியாமல் எதன்மேலோ ஏற்றி அடியை உடைத்திருக்கிறார். "எடுத்துட்டு வாங்க, பாப்போம்" என்று ஒரு பெருமூச்சு விட்டார். மாப்பிள்ளைக்குக் கேட்க வேண்டும் என்றே விட்ட பெருமூச்சு.

டோ வண்டி நீலக் காரைக் கொண்டுவந்து இறக்கியது. வண்டிக்காரர் வெளியே மரத்தடியில் பீடியைப் பற்றவைத்தார். லிஃப்டில் தூக்கிப் பார்த்தால் காரின் அடிவயிறு முழுக்க ஆயில். மாப்பிள்ளை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆள் அரண்டு போயிருந்தார்.

"எந்தக் கல்லு மேல ஏத்தினீங்க மாப்ளே?"

"எதுலயும் ஏத்தலை மச்சான்."

"ஏத்தாம எப்படி? தானா ஊத்திக்கிச்சா?" என்று கேட்டபடியே கைராசி தடவிப் பார்த்தார். அடித்தட்டில் கீறல் இல்லை. அடி போல்ட் கிண்ணென்று இருந்தது. ஆயில் வழிந்த தடமெல்லாம் ஃபில்டர் பக்கமாகவே போயிற்று.

மாப்பிள்ளை சொட்டிக்கொண்டிருந்த ஆயிலை ரெண்டு விரலில் எடுத்துத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

"மச்சான், இது நான் வாங்கின ஆயில் இல்லையே. மெல்லிசா இருக்கு."

"சூட்டுல இளகியிருக்கும்."

"இப்ப ஆறித்தானே போயிருக்கு?"

கைராசி காதில் விழாத மாதிரி ஃபில்டரைத் திருகினார். கையோடு வந்தது. டார்ச் வெளிச்சம் அது உட்கார்ந்திருந்த இடத்தில் விழுந்தது. அங்கே இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு, நசுங்கிப் பிதுங்கி, ஒரு கறுத்த ரப்பர் ரிங். அவர் கையிலிருந்த ஃபில்டரின் வாயில் இன்னொன்று, புதுசு.

பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரிங் சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். விரலை விட்டு ஒரு சுற்று துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்காமல் புதுசை அதன்மேல் மாட்டினால் ரெண்டு ரிங் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். மெதுவாக ஓட்டும்வரை ஒன்றும் ஆகாது. முழு வேகத்தில் ஆயில் அழுத்தம் ஏறினால் ரிங் பிதுங்கிக்கொள்ளும், அஞ்சாறு நொடியில் மொத்த ஆயிலும் தெருவில். அந்த விரல் சுற்று இருபத்திரண்டு வருஷமாகக் கைராசி தவறாமல் செய்தது. நேற்று செய்யவில்லை. நேற்று அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு இருக்கு மச்சான்" என்றார் மாப்பிள்ளை, மெதுவாக. அதையும் எங்கேயோ படித்திருக்கிறார், பாவி மனுஷன். குரலில் துளிகூடக் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் கைராசி பதிலுக்கு நாலு கேட்டிருப்பார், நிம்மதியாகவும் இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி வாடகைக் காரில் வந்து இறங்கினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னண்ணே ஆச்சு? இவர் என்ன பண்ணித் தொலைச்சார்?"

மாப்பிள்ளை டார்ச்சை அணைத்தார். கைராசியைப் பார்த்தபடி ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார். நீங்களே சொல்லுங்க என்று இடம் விட்ட மாதிரி இருந்தது.

கைராசியின் மூடின கைக்குள், இன்ஜினிலிருந்து பிய்த்தெடுத்த பழைய ரிங். என் தப்பும்மா. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தங்கச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சொல்லப் போகிறான், அது சரியாக இருக்கும், அவ்வளவு நம்பிக்கை அந்தக் கண்ணில். அதை எப்படிக் கெடுப்பது? நாக்கு புரண்டது. புரண்டு, பழகின பக்கமே போய் விழுந்தது.

"நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னேம்மா. இந்த ஆயில் வேணாம், புக்குல போட்டிருக்கறதைப் போடலாம்னு. கேட்டாத்தானே? எல்லாம் தெரிஞ்சவராச்சே."

பேசி முடித்ததும் அவருக்கே தன் குரல் கேவலமாக இருந்தது. ஆனாலும் பேசியாகிவிட்டது.

தங்கச்சி புருஷனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். டயர்க் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. எங்கண்ணன் இத்தனை வருஷமா இந்தத் தொழில் பாக்கறார், அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா, நாலு எழுத்தைப் படிச்சிட்டா நீங்க மெக்கானிக்கா, பண்ணின சத்தியம் ஞாபகம் இருக்கா?

"இருக்கு. வித்துடலாம்" என்றார் மாப்பிள்ளை.

"அண்ணன் சொன்னாரா இல்லையா?"

"சொன்னார். அந்த ஆயில் வேணாம்னுதான் சொன்னார்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைராசியின் தோளைத் தொட்டாள். "நீ மனசுல வெச்சுக்காதேண்ணே. உன் பேச்சைக் கேக்காததுக்கு இவருக்கு இது வேணும்." சொல்லிவிட்டு வாடகைக் காரில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

பட்டறையில் ரெண்டு பேர்தான் மிச்சம். மாப்பிள்ளை மேஜையிலிருந்து கந்தல் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"மாப்ளே" என்றார் கைராசி. "இன்ஜினைப் பிரிச்சு நானே புதுசாட்டம் பண்ணித் தந்துடறேன். விக்க வேணாம். தங்கச்சிகிட்ட நான்... அப்புறமா, நேரம் பாத்து..."

மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. கைராசிக்கு அந்தப் பார்வையை நன்றாகத் தெரியும். கேனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை இத்தனை வருஷமாக அவர் பார்த்து வந்த பார்வை அது. எதிர்ப்பக்கம் நின்று வாங்கியது இதுதான் முதல் தடவை.

"வேணாங்க" என்றார் மாப்பிள்ளை. "இருக்கற மாதிரியே எடுத்துட்டுப் போறேன்."

டோ வண்டிக்காரர் பீடியை மிதித்து அணைத்துவிட்டு வந்தார். நீலக் காரை மறுபடியும் ஏற்றிச் சங்கிலியைப் பூட்டினார். பட்டறைக்குள் சிலையாக நின்றிருந்த கைராசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் கேட்டார்.

"யாரு சார் அவரு? உங்க சொந்தமா?"

"இல்லைங்க" என்றார் மாப்பிள்ளை. "ஆயில் மாத்தறவர்."

தங்கச்சிக்கு அது கேட்டிருக்காது, கார்க் கண்ணாடி மூடியிருந்தது. கைராசிக்கு நன்றாகவே கேட்டது.