சுத்தி பண்ணின வாட்ச்

குர்லா ஸ்டேஷனிலிருந்து சர்வீஸ் சென்டருக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போதே அனந்தநாராயணன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, பிரித்து, வாட்ச்சைப் பார்த்து, மறுபடி மடித்து வைத்துக்கொண்டார். கண்ணாடியின் உள்ளே ஆவி பிடித்திருந்தது. முள் நகரவில்லை. அடுத்த சிக்னலில் திரும்பவும் எடுத்தார். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்ததும் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

சுவிஸ் வாட்ச். மாப்பிள்ளை நகுலுக்குத் தலை தீபாவளிக்குப் போட்டது. கல்யாணத்தில் அது குறை, இது குறை என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்த சான்பாடா சம்பந்தி மாமி அன்றைக்கு அதை வந்தவர்களுக்கெல்லாம் காட்டி, "எங்க சம்பந்தி கையைச் சுருக்கறவா இல்லை" என்றாளாம். வந்தனா அதைப் போனில் சொன்னபோது அவள் குரலில் ஒரு தெம்பு இருந்தது. அந்தத் தெம்புக்காகத்தான் இத்தனையும். ஃபோர்ட் பக்கம் கைமாறின வாட்ச்சுகள் விற்கிற கடையில், பெட்டியும் வாரண்டி கார்டுமாக வாங்கினார் என்பது அவருக்கும் மனைவி சுப்புலக்ஷ்மிக்கும்தான் தெரியும். மகளுக்குக்கூடத் தெரியாது. வாரண்டி இன்னும் பாக்கி இருந்தது. ஆனால் கார்டில் யாரோ ஒரு மெஹ்ராவின் பெயர். அதனால் பெட்டியை மட்டும் மாப்பிள்ளையிடம் கொடுத்து, கார்டைத் தன் அலமாரியிலேயே வைத்துக்கொண்டார்.

இப்போது வாட்ச் நின்றுவிட்டது. "கார்டைக் குடுங்கோப்பா, நானே சர்வீஸுக்குக் குடுத்துடறேன்" என்றான் நகுல். "உங்களுக்கு ஆபீஸ். நான் சும்மாதானே இருக்கேன்" என்று இவர் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கி வந்தார்.

கிளம்பும்போது சுப்புலக்ஷ்மி வாசல் வரை வந்தாள்.

"ஏன்னா, அந்த மெஹ்ராவைக் கூட்டிண்டு வான்னு சொல்லிட்டான்னா?"

"அவனை எங்கே போய்த் தேடறது?"

"வெள்ளிக் குத்துவிளக்கு போறும்னு அன்னிக்கே தலைபாடா அடிச்சுண்டேன்."

"கிளம்பறச்சே ஆரம்பிக்காதே."

சர்வீஸ் சென்டரில் ஏசி குளிர்ந்தது. ஆனாலும் அவருக்குக் கழுத்து வேர்த்தது. கவுண்டரில் இருந்த மராத்திப் பெண், சட்டையில் ஷாலினி என்று பெயர் குத்தியிருந்தவள், கார்டைத் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, மெஹ்ரா நான் இல்லை" என்று இவர் அவசரமாக ஹிந்தியில் ஆரம்பித்தார். அவள் சிரித்தாள். "டென்ஷன் மத் லோ அங்கிள். வாரண்டி வாட்ச்சோடதான் போகும், ஆளோட இல்லை." வாட்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். சுப்புலக்ஷ்மிக்குப் போன் பண்ணலாமா என்று எடுத்தார், வேண்டாம் என்று வைத்தார்.

"அப்பா!"

நகுல். தோளில் ஆபீஸ் பை.

"மாப்பிளே! நீங்கோ எங்கே இங்கே?"

"பாந்த்ரால மீட்டிங், சீக்கிரம் முடிஞ்சுடுத்து. நீங்க இங்கே வந்திருக்கேள்னு வந்தனா சொன்னா."

கார்டு கவுண்டர் கண்ணாடிமேல் அப்படியே கிடந்தது. எழுந்து போய் அதன்மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தார். பிறகு அது போதாது என்று தோன்றி முழங்கையையும் ஊன்றிக்கொண்டார்.

"நாழியாகும். நீங்கோ கிளம்புங்கோ."

"பரவால்லப்பா, சேர்ந்தே போலாம்."

ஷாலினி ஒரு தட்டில் வாட்ச்சைக் கொண்டுவந்தாள். பின்மூடி கழற்றியிருந்தது. உள்ளே, பொடிப் பொடிச் சக்கரங்களுக்கு நடுவே, மஞ்சளாக ஒரு திட்டு காய்ந்து கிடந்தது.

"அங்கிள், யே ஹல்தி ஹை க்யா?"

மஞ்சளா என்று கேட்கிறாள், இவர் முழங்கையை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார். நேரம் திருப்புகிற திருகை யாரோ வெளியே இழுத்து வைத்திருக்கிறார்கள், அந்த வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது, இதற்கு வாரண்டி கிடையாது என்றாள் அவள்.

யாரோ என்ன யாரோ. "யார் கட்டிண்டிருந்ததோ, எந்த வேளையில கழட்டினானோ, அப்படியே மாப்பிள்ளை கையில கட்டறதா?" என்று வாங்கி வந்த அன்றைக்கு சுப்புலக்ஷ்மிதான் ஒற்றைக்காலில் நின்றாள். முந்தினவனின் நேரம் நிற்கட்டும் என்று திருகை இழுத்து வாட்ச்சை நிறுத்தினாள். மாவிலையால் மஞ்சள் தீர்த்தம் தெளித்து சுவாமி முன்னால் வைத்தாள். ராகு காலம் போயாச்சு, இனிமே ஓட விடு என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னவர் இவர்.

நகுல் சத்தமாகச் சிரித்துவிட்டான். "புது வாட்ச்சுக்குப் பூஜையா? எங்கம்மா புது ஃப்ரிட்ஜுக்குக் கற்பூரம் காட்டி ரப்பரையே உருக்கினவா!"

வழி திறந்தேதான் இருந்தது. கூடச் சிரித்தால் போதும்.

"ஆமாம், புதுசுன்னா..." என்று தொடங்கினார்.

ஷாலினி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள். "ரிப்பேர் யார் பேர்ல போடட்டும்? மெஹ்ரா சாப் பேர்லயே இருக்கட்டுமா?"

"மெஹ்ரா கௌன்?" என்றான் நகுல்.

அவள் கண்ணாடிக் கூட்டைத் தள்ளிவிட்டுக் கார்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் பெயரைப் படித்தான். தேதியைப் படித்தான். மறுபடியும் பெயரைப் படித்தான். சிரிப்பு முகத்தில் எங்கேயோ பாதியில் நின்றுபோயிருந்தது.

"மேரே நாம் பே பனாவோ" என்று ரிப்பேரைத் தன் பேரிலேயே போடச் சொல்லி, பெயரையும் நம்பரையும் கொடுத்தான். திரும்பாமலே கேட்டான். "வந்தனாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது. அவளை ஒண்ணும்..."

"சரி."

அந்த 'சரி'யை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்டேஷன் படி ஏறும்போதும், பன்வேல் வண்டியில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமா, போனால் போகட்டும் என்பதா, இல்லை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன் என்பதா. திலக் நகர் வந்தது. யாரோ காலை மிதித்தார்கள். ஒரு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தார். அப்போது நகுலின் போன் அடித்தது. திரையில் 'அம்மா'.

அவன் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"வாட்ச் என்ன ஆச்சுன்னு கேப்பா" என்றான்.

"நீங்கோ என்ன சொல்லணுமோ சொல்லுங்கோ மாப்பிளே." சொன்ன பிறகுதான் குரல் கெஞ்சியது தெரிந்தது.

செம்பூர், அவர் இறங்க வேண்டிய ஸ்டேஷன். கூட்டம் அவரை இறக்கிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது நகுல் வாசலோரம் வந்து நின்றிருந்தான். போன் மறுபடி அடித்திருக்க வேண்டும், காதில் வைத்திருந்தான். வண்டி நகர்ந்தது. அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அனந்தநாராயணன், மேம்பாலத்துக்குப் போகிறவர்களை இடித்துக்கொண்டு, வண்டியோடு கூடவே வேகமாக நடந்தார், அந்த வாயையே பார்த்துக்கொண்டு. சக்கரச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.